முதல் ஆசிரியரின் சம்மதம்

2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள், திருவள்ளூருக்குக் கிடைத்தவை 100. கட்டடம், படுக்கை, பேராசிரியர் பணியிடம் எல்லாவற்றுக்கும் திட்டத்தில் இடம் உண்டு. ஆண்டுதோறும் தேவைப்படும் இன்னொன்றைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. அது மனித உடல். முதலாண்டு மாணவர்கள் மேசையைச் சூழ்ந்து நின்று தோலை விலக்கி, தசையைப் பிரித்து, நரம்பு ஓடும் பாதையை விரலால் தொட்டுப் படிக்கச் சில உடல்களாவது இல்லாமல் உடற்கூறியல் துறை இயங்காது. மாவட்டத்திலுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கும் இதே தேவைதான்.

உடல்கள் இரண்டு வழிகளில் வருகின்றன. உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுத்தவர்களின் உடல் தானம் ஒரு வழி. மற்றதை 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் திறந்துவைத்தது: மருத்துவமனையில் ஒருவர் இறந்து, குறித்த காலத்துக்குள் உறவினர் எவரும் வந்து உடலைக் கேட்காவிட்டால், அதை அதிகாரியின் ஒப்புதலோடு கல்லூரிக்குக் கொடுக்கலாம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இந்த ஏற்பாட்டின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க, திருவள்ளூர் மாவட்டத்தைவிட, குறிப்பாகக் கும்மிடிப்பூண்டியைவிட, பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அதற்கு முன், பிணத்தை அறுத்துத்தான் படிக்க வேண்டுமா என்ற கேள்வியை முடித்துவிடலாம். படமும் பிளாஸ்டிக் உருவமும் தொடுதிரை மேசையும் இன்று பல கல்லூரிகளில் உள்ளன. எல்லாமே பயனுள்ளவை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லிலோ பிரஸ் பட்டறையிலோ கை நசுங்கிய தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். விரலை மடக்கும் தசைநாண்கள் உள்ளங்கையிலிருந்து விரலுக்குள் இரண்டிரண்டாக, ஒரு குறுகிய உறைக்குள் ஒன்றையொன்று ஊடுருவி ஓடுகின்றன. அந்த இடத்தில் அறுபட்ட நாணை உடனே தைக்கவே கூடாது என்று அறுவை மருத்துவர்களே ஒரு காலத்தில் ஒதுங்கி நின்றார்கள். வடசென்னைத் தொழிற்பேட்டைகளில் சிதைந்த கைகளைச் சேர்த்து வைப்பதில் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவும், அதை வளர்த்தெடுத்த மருத்துவர் ஆர். வெங்கடசாமியும் பெற்ற பெயர் நாடறிந்தது. அந்தத் திறமைக்கு அடித்தளம் உண்மையான கைகளை அறுத்துக் கற்ற அறிவு. எந்த இரண்டு உடலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதைத் திரை காட்டலாம். கத்தி பிடித்த விரல்தான் உணர்த்தும். ஆகவே உடல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. யாருடைய உடல், யாரைக் கேட்டு என்பதில்தான் வழக்கு.

2019இல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாணவருக்கு மனப்பான்மை, நெறி, பேச்சுமுறை ஆகியவற்றைக் கற்பிக்கவென்று தனிப் பாடத்தொகுதி ஒன்றைச் சேர்த்தது. அதில் ஒரு பகுதி, மேசைமேல் கிடக்கும் உடல்தான் மாணவரின் முதல் ஆசிரியர் என்கிறது. பல கல்லூரிகளில் டிசெக்‌ஷன் ஹாலுக்குள் நுழையும் முதல் நாளில் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள், உடலுக்கு மலர் வைக்கிறார்கள். முன்பு எலும்பை வைத்து நடந்த கேலிகளையும், உடலுக்குச் செல்லப்பெயர் சூட்டிய பழக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இது சிறிய முன்னேற்றமாகத் தோன்றாது. ஆனாலும் இந்த மரியாதை அறைக்குள் தொடங்கி அறைக்குள்ளேயே முடிகிறது. ஆசிரியர் என்று வணங்குகிறோம். அவரை அந்த வேலையில் சேர்த்தது யார் என்று கேட்பதில்லை.

சட்டத்தின் வேர் தமிழ்நாட்டில் இல்லை. 1752ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடல் அறுப்புக்குப் போனது. அது மரணத்துக்கு மேலான கூடுதல் தண்டனை. கல்லூரிகள் பெருகியதும் அந்த உடல்கள் போதவில்லை. கல்லறைத் திருட்டு தொழிலானது. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் இன்னும் சுருக்கமான வழியைக் கண்டுபிடித்தார்கள். வாடகை விடுதிக்கு வந்த ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் கொன்று, உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்றார்கள். கொலைகள் பதினாறு. 1829 ஜனவரியில் பர்க் தூக்கிலிடப்பட்டான். அவன் உடலும் அறுப்பு மேசைக்கே போனது. நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1832இல் வந்த உடற்கூறியல் சட்டம் கல்லறைத் திருட்டை ஒழித்தது. எப்படி என்பதுதான் கவனிக்கத்தக்கது: ஏழைகள் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, எவரும் கேட்காத உடல்களைக் கல்லூரிக்குத் திருப்பிவிட்டது. வரலாற்றாசிரியர் ரூத் ரிச்சர்ட்சன் 1987இல் வெளியிட்ட நூலில் இதைக் கூர்மையாகக் காட்டினார்: அதுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்த ஒன்று, அன்றுமுதல் வறுமைக்குத் தண்டனையானது.

அதே 1832இல் தத்துவவாதி ஜெரமி பெந்தம் தன் உடலை அறுத்துப் படிக்க எழுதிவைத்துவிட்டு இறந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டுப் பெறும் வழி அன்றே கண்ணெதிரில் இருந்தது. நாடாளுமன்றம் மலிவான வழியைத் தேர்ந்தது.

இந்தியாவில் 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்ததைச் சாதித் தடை உடைந்த நிகழ்வாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். மேசையில் கிடந்தவரைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வரியும் இருக்காது. விடுதலைக்குப் பின் பம்பாய் 1949இலும், சென்னை மாகாணம் 1951இலும், கேரளமும் மைசூரும் 1957இலும் இயற்றிய சட்டங்கள் 1832இன் தர்க்கத்தைப் பெரிதாக மாற்றாமல் எடுத்துக்கொண்டன. இத்தகைய சட்டங்கள் சிலவற்றில் பொது இடத்தில் இறப்பவரைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு: இறந்த வட்டாரத்தில் நிலையான வசிப்பிடம் இல்லாதவர், எவரும் உரிமை கோராதவர் என்றால் அவர் உடலும் சட்டத்துக்குள் வரும். சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது பிச்சைக்காரரும் பரதேசியும். இன்று அந்த வரையறைக்குள் முதலில் வருபவர் புலம்பெயர் தொழிலாளி.

எந்த உடல் அறுப்பு மேசைக்குத் தகுதி பெறும் என்பதும் முக்கியம். தொடை அல்லது கழுத்துத் தமனி வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை உடல் முழுதும் செலுத்திப் பதப்படுத்த வேண்டும். அதற்கு ரத்தக்குழாய்கள் சிதையாமல் இருக்க வேண்டும். போஸ்ட்மார்ட்டம் ஆன உடல் பெரும்பாலும் உதவாது. அதனால் கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் அடிபட்டவரோ, ஜி.என்.டி. சாலையில் லாரி மோதியவரோ, உலை வெடித்து இறந்தவரோ கல்லூரிக்கு வருவதில்லை, அவை எம்.எல்.சி. கேஸ்கள், போலீஸ் வழியாகச் செல்பவை. மேசைக்கு ஏற்றது நோயால், காயமின்றி, வார்டு படுக்கையில், பக்கத்தில் யாரும் இல்லாமல் இறந்தவரின் உடல். காய்ச்சல், ஈரல் கேடு, மாரடைப்பு. வழக்கு இல்லை என்றால் விசாரணையும் இல்லை. விசாரணை இல்லாவிட்டால் அவருடைய ஊரைத் தேடிப் போகும் சீருடையும் இல்லை.

இப்போது மாவட்டத்தைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படச் சாலைகள், ரசாயன ஆலைகள். சற்று மேற்கே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட், டயர் ஆலை. மாவட்டமெங்கும் செங்கல் சூளைகள். உலைக்கு முன் நிற்பவர்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம், அசாமிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள். உள்ளூர்க்காரருக்கு எல்லோரும் ‘இந்திக்காரங்க’தான், ஒடியா பேசுபவரும் வங்காளி பேசுபவரும் அந்தப் பெயருக்குள் கரைந்துபோகிறார்கள். ஒரு முரணையும் சொல்ல வேண்டும். அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே குடும்பம் குடும்பமாகப் பதிவு உண்டு, தலை எண்ணுவதும் உண்டு. ஒருவர் இறந்தால் அது யாருக்கும் தெரியாமல் போகாது. அகதியை எண்ணிவைத்திருக்கும் அரசுக்கு இந்தியக் குடிமகன் எத்தனை பேர் எந்த ஷெட்டில் படுத்திருக்கிறான் என்ற கணக்கு அதே துல்லியத்தில் இல்லை.

அப்படி ஒருவர் கடும் காய்ச்சலோடு 108 வண்டியில் ஏற்றி அனுப்பப்படுவதாக வைத்துக்கொள்வோம். கூட வந்தவர் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று திரும்பிவிடுகிறார். பதிவேட்டில் ஏறுவது அரைகுறைப் பெயர், சுமார் வயது, முகவரிக்கு ‘சிப்காட்’. பேச்சு தடுமாறும் நோயாளியிடம் அவர் மொழியில் ஊர்ப் பெயரைக் கேட்க ஆள் இல்லை. செல்போன் அறையிலேயே இருக்கிறது. மேஸ்திரிக்குத் தகவல் போனால், தன் மேல் ஏதாவது வந்துவிடுமோ என்று அவர் எண்ணை மாற்றிக்கொள்ளவும் கூடும். இறந்தபின் குறித்த காலம் கடந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் உரிமை கோரப்படாத உடல். எங்கோ ஒரு கிராமத்தில் மனைவி தினமும் அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

முதலாளிக்குக் கடமையே இல்லையா? 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒன்று சொன்னது: உயிர்ப்பலி விபத்தோ கடுங்காயமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரர் இரு மாநில அதிகாரிகளுக்கும், தொழிலாளியின் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால் அது பேசியது விபத்தைப் பற்றி. வார்டில் நோயால் இறந்தவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லும் கடமை அதில் யார் மேலும் சுமத்தப்படவில்லை. அந்தச் சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. மேலே சொன்ன இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் உடல் அறுப்புக்கு உதவாது. நோயில் இறந்தவர் உடல் அறுப்புக்கு உதவும். அவர் குடும்பத்துக்குச் சொல்ல எவரும் கடமைப்பட்டவர் இல்லை. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. தொழிலாளர் சட்டமும் உடற்கூறியல் சட்டமும் ஒன்றையொன்று பாராமலே எழுதப்பட்டன, இடையில் இந்த இடைவெளி விழுந்தது.

நீதிமன்றங்கள் இறந்தவருக்கும் கண்ணியம் உண்டு என்று பலமுறை சொல்லிவிட்டன. 1995இல் பரமானந்த கட்டாரா வழக்கிலும், வீடற்றோரின் உடல்களை அவரவர் சமய வழக்கப்படி அடக்கம் செய்வது குறித்து 2002இல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பேசியது. எனக்கு அதிகம் உறைத்தது நம் ஊர் வழக்கு ஒன்று. 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு தந்தை வந்தார். மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவந்து கொள்ளி வைக்க அரசு உதவ வேண்டும் என்பது கோரிக்கை. சேதுராஜா வழக்கு என்று அறியப்படும் அதில், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் கண்ணியம் இறந்த உடலுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் ஏற்றது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இறந்த பிள்ளைகளின் உடலுக்காகக் கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் தாய்மாரை நாம் அறிவோம். பலாங்கீரிலிருந்து திருவள்ளூருக்கு வந்தவனின் தந்தைக்கும் அதே 21ஆம் பிரிவு உண்டு. அவருக்கு மனு எழுதத் தெரியாது என்பதும், மகன் இறந்ததே தெரியாது என்பதும்தான் வித்தியாசம்.

உடற்கூறியல் ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ள முடியாது. உரிமை கோரப்படாத உடலுக்கு வேறு என்ன காத்திருக்கிறது? நகராட்சி வண்டி, அவசரக் குழி. எங்கள் அறையில் அதற்கு மலர் உண்டு, உறுதிமொழி உண்டு, நூறு மாணவரின் நன்றி உண்டு. இது உண்மை. ஆனால் மோசமான அடக்கத்துக்கு மாற்று நல்ல அடக்கம். அறுப்பு மேசை அந்தக் கேள்விக்கு விடை ஆகாது. இறந்தவர் தன் உடலைப் பற்றி என்ன நினைத்தார் என்பதும் இதில் வருவதே இல்லை. அவர் முஸ்லிமாக இருக்கலாம், மண்ணில் புதைவதே தன் முறை என்று இருந்திருக்கலாம். ததீசி முனிவர் எலும்பைக் கொடுத்த கதையை உடல் தானக் கூட்டங்களில் தவறாமல் சொல்கிறார்கள். அந்தக் கதையில் தேவர்கள் வந்து கேட்டார்கள், முனிவர் சரி என்றார்.

ஏற்பாட்டில் பணமும் கலந்தால் நிலைமை இன்னும் கெடும். கேரளத்தில் அரசு மருத்துவமனைகள் உரிமை கோரப்படாத உடல்களைத் தனியார் கல்லூரிகளுக்குக் கட்டணம் பெற்றுக் கொடுக்கின்றன: பதப்படுத்திய உடலுக்கு 40,000 ரூபாய், பதப்படுத்தாததற்கு 20,000. அரசு ஆணையின்படி, கணக்கில் ஏறி நடப்பது, யாரும் திருடவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். உறவினரைத் தேடினால் செலவு, தேடாவிட்டால் வருமானம் என்று அமைந்த முறையில் எந்த அதிகாரி எவ்வளவு தூரம் தேடுவார்?

கேட்காமல் எடுத்துக்கொள்வது எங்கே போய் முடியும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. நாஜி ஆட்சிக் காலத்தில் வியன்னா பல்கலைக்கழக உடற்கூறியல் நிறுவனத்துக்குக் குறைந்தது 1,377 மரண தண்டனைக் கைதிகளின் உடல்கள் வந்தன என்று அப்பல்கலைக்கழகத்தின் 1998ஆம் ஆண்டு விசாரணை கண்டது. அழகுக்குப் பெயர்போன பெர்ன்காஃப் உடற்கூறியல் படத்தொகுப்பு அந்தச் சூழலில் பிறந்தது. கும்மிடிப்பூண்டியை வியன்னாவோடு ஒப்பிடுவது அநியாயம். இங்கே யாரும் கொல்லவில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து உடற்கூறியலாளர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்ட பரிந்துரை, இறந்தவர் தெரிந்து கொடுத்த சம்மதமே அடிப்படையாக வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 2016இல் சம்மதமின்றி உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தரும் வழியைச் சட்டத்தால் அடைத்தது. டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழக மையம் குடும்பத்தாருக்குத் தெரியாமலே உடல்களைப் பெற்றுப் பயன்படுத்தியது 2024இல் செய்தியானபோது அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. பணக்கார நாட்டிலும், தேடினால் உறவினர் கிடைத்தார்கள் என்பதே அங்கே வெளிப்பட்டது.

தானத்தால் தேவை நிறையுமா? நம் அண்டையில் விடை இருக்கிறது. இலங்கையின் மருத்துவ பீடங்கள் பெரும்பாலும் தானமாக வந்த உடல்களையே நம்புகின்றன. பௌத்த தான மரபு அதற்குத் துணை. தாய்லாந்து மாணவர்கள் உடலைப் பேராசான் என்றழைத்து, ஆண்டிறுதியில் தகனச் சடங்கில் தாங்களே பங்கேற்கிறார்கள். தைவானில் பௌத்த சூ சி அமைப்பின் கல்லூரி மாணவர்கள், தானம் அளித்தவரின் வீட்டுக்குப் போய் அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தபின்தான் கத்தியைத் தொடுகிறார்கள். தமிழ்நாட்டில் உடல் தானத்தின் முன்னோடிகள் பகுத்தறிவாளரும் இடதுசாரிகளும். நடிகர் கமல்ஹாசன் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உறுதி அளித்தது பலருக்குத் தெரியும். இடதுசாரித் தலைவர்கள் ஜோதி பாசு 2010இலும், சீதாராம் யெச்சூரி 2024இலும் உடலாக மருத்துவ நிறுவனங்களுக்குப் போனார்கள். ஆனால் நம் சமூகத்தின் நடு வீட்டுக்குள் அது இன்னும் நுழையவில்லை. வாய்க்கரிசி, கொள்ளி, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம் என்று நகரும் துக்கத்தில் உடல் இல்லாமல் போனால் சடங்கு எதைப் பிடித்து நிற்கும் என்ற தவிப்பு வெறும் மூடநம்பிக்கை இல்லை. கல்லூரிகள் அதற்கு மாற்றாக எதையும் தருவதில்லை. ஒரு நன்றிக் கடிதமும் சான்றிதழும் தவிர. உறுப்பு தானம் செய்தவருக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை உண்டு. மக்கள் அதையும் உடல் தானத்தையும் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள்.

விருப்பத்தைச் சொல்லிவைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். உடலை எர்ணாகுளம் மருத்துவக் கல்லூரிக்குத் தருவதே அவர் விருப்பம் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் வேண்டும் என்று மகள் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் தலையிட மறுத்தது. புகழ்பெற்ற ஒருவரின் விருப்பம் இதுதானா என்று அறிய மூன்று மாதத்துக்கு மேல் நீதிமன்றங்கள் நேரம் செலவிட்டன. செலவிட்டது சரியே. சிப்காட் தொழிலாளியின் விருப்பத்தை அறியச் சட்டம் ஒதுக்கியிருப்பது, உறவினர் வருகிறாரா என்று காத்திருக்கும் சில நாள் மட்டும்.

நாளையே இந்த வழியை அடைத்துவிடச் சொல்ல நான் துணியவில்லை. திருவள்ளூர் மாணவர் உடலே பாராமல் மருத்துவராவதால் பாதிக்கப்படப் போவதும் அரசு மருத்துவமனைக்கு வரும் அதே தொழிலாளிதான். ஆனால் வெளிமாநிலத்தவர் என்று தெரிந்த அல்லது கருதத்தக்க உடலைக் கல்லூரிப் பட்டியலிலிருந்து இப்போதே விலக்கலாம். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது, ஒப்புதல் தரும் அதிகாரிக்கு ஒரு சுற்றறிக்கை போதும். நோயில் இறந்தாலும் வேலைக்கு அமர்த்தியவர் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் ஒரு சொற்றொடரைச் சேர்க்கலாம். தகவல் தெரிந்தும் வராத குடும்பங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸ் வாடகை கொடுக்க முடியாமல், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் அழுதுவிட்டு வைப்பவரின் சொல்லைச் சம்மதம் என்று கோப்பில் எழுதக் கூடாது. ஓர் உடலுக்கு 40,000 ரூபாய் கட்டணம் நிர்ணயிக்கத் தெரிந்த அரசுகளால் அதை ஊருக்கு அனுப்பவும் ஒரு தொகை ஒதுக்க முடியும்.

அவகாசம் இல்லை, உடல் கெட்டுவிடும் என்ற பதில் வரும். கெடாமல் வைக்கத்தான் கல்லூரியில் ஆளும் மருந்தும் தொட்டியும் இருக்கின்றன. பதப்படுத்திய உடல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆறு மாதம் கத்தி படாமல் வைத்திருந்து, படத்தையும் அங்க அடையாளத்தையும் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதி அந்தந்த மாநிலக் காவல் துறைக்கு அனுப்பலாம். உறவினர் வந்துவிட்டால் பதப்படுத்தியது வீணாகாது. உடலை விமானத்தில் ஏற்றவும் அதற்கான சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறார்கள்.